தத்தெடுக்குமுன் தாயும் தந்தையும் அறிய வேண்டியவை

(சுங்கை வேயில் கூடியிருந்த தோட்டக் குடும்பத்தினரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிறந்த குழந்தை ஒன்றைத் தத்தெடுத்து வளர்க்க எண்ணும் கணவனும் மனைவியும், அக்குழந்தை வீட்டுக்கு வருமுன் என்னென்ன ஆயத்தம் செய்து கொள்ள வேண்டும் என்பதே இன்றைய உரையின் பொருளாகும்.

வயிற்றில் ஒரு பிள்ளை தரித்தால் பெற்றோருக்குப் பத்து மாதம் கிடைக்கிறது. அந்தப் பத்து மாதத்தில் தாய் சுகாதார நிலையத்துக்குப் போய் வருகிறாள். தாதியர் சொல்வதைக் கேட்டுக் கொள்கிறாள். தகப்பன் செலவுக்குச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைக்கிறான். பாட்டி பழைய சேலைகளைத் துவைத்து மடித்து வைக்கிறாள். வீட்டில் உள்ளோர் அனைவருடைய மனமும் புதிய உயிருக்கு இடம் விடப் பழகிக் கொள்கிறது. தத்தெடுப்போருக்கு அந்தப் பத்து மாதம் இல்லை. ஒருநாள் மாலையில் தொலைபேசிச் செய்தி வருகிறது. மறுநாள் குழந்தை கையில் இருக்கிறது. ஆகவே, இயற்கை அளிக்காத அந்தப் பத்து மாதத்தை நாமே ஏற்படுத்திக் கொள்ள வேண்டும்.

தத்தெடுக்கும் பெற்றோர் குழந்தைக்குச் செலுத்த வேண்டிய கடன்கள் மூன்று. முதலாவது பராமரிப்பு, இரண்டாவது பத்திரம், மூன்றாவது உண்மை. நம்மவர் முதற்கடனைப் பெரும்பாலும் மனமாரச் செலுத்துகின்றனர். மற்ற இரண்டையும் 'பிறகு பார்த்துக் கொள்ளலாம்' என்று தள்ளி வைக்கின்றனர். அந்தப் 'பிறகு' என்பது, பிள்ளை 12 வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் நாளில் வாசலில் வந்து நிற்கிறது.

நமக்குப் புதியதன்று

தத்தெடுத்தல் நம் மரபுக்குப் புதியதன்று. தேவகி பெற்ற கண்ணனை வளர்த்தவள் யசோதை. தாய்ப்பாசத்துக்கு எடுத்துக்காட்டுச் சொல்ல நேர்ந்தால் நம் வாயில் முதலில் வருவது யசோதையின் பெயரே. திருவில்லிபுத்தூரில் துளசிச் செடியின் அடியில் கண்டெடுத்த பெண் மகவைப் பெரியாழ்வார் தம் மகளாக வளர்த்தார், அம்மகளே ஆண்டாள்.

இந்நாட்டிலேயே நமக்குப் பெருமை தரும் வரலாறு ஒன்று உண்டு. ஜப்பானியர் ஆட்சிக் காலத்திலும் அதற்கு முன்னும் பின்னும், வறுமையினாலும், ஆண் மகவே வேண்டும் என்ற எண்ணத்தினாலும், பிறந்த நேரம் சரியில்லை என்ற நம்பிக்கையினாலும் சில சீனக் குடும்பங்கள் தம் பெண் குழந்தைகளைப் பிறர்க்குக் கொடுத்தன. அக்குழந்தைகள் பலரைத் தமிழ்க் குடும்பங்கள் ஏற்றுக் கொண்டன. அவர்கள் தமிழ் பேசி, சேலை உடுத்தி, பொங்கல் வைத்து, தமிழ்க் குடும்பங்களிலேயே மணம் முடித்துப் பேரப் பிள்ளைகளைக் கண்டனர். இக்குடும்பங்களிடம் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. அதனை உரையின் பிற்பகுதியில் சொல்வோம்.

முதலில் மனத்தை ஆராய்க

தத்தெடுக்க எண்ணும் கணவனும் மனைவியும் ஒருநாள் அமைதியாக அமர்ந்து, 'நமக்கு ஏன் குழந்தை வேண்டும்?' என்று ஒருவரை ஒருவர் கேட்டுக் கொள்ள வேண்டும். இது எளிய கேள்வி போலத் தோன்றும், விடை எளிதன்று.

'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்பது முதுமொழி. இதனைச் சிலர் திரித்து, 'ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தால் நமக்கென்று ஒரு பிள்ளை பிறக்கும்' என்று பொருள் கொள்கின்றனர். இவ்வெண்ணத்தோடு எடுக்கப்பட்ட குழந்தையின் நிலை யாது? சொந்தப் பிள்ளை பிறந்தால், வந்த வேலை முடிந்த கருவியாகி விடுகிறது. பிறக்காவிட்டால், பலிக்காத நேர்த்திக்கடனாகி விடுகிறது. முதுமையில் சோறு போட ஒரு கை வேண்டும் என்பதற்காகவோ, வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்பதற்காகவோ, மாமியாரின் சொல்லுக்கு அஞ்சியோ குழந்தையை எடுத்தலும் இத்தகையதே. குழந்தைக்கு ஒரு வீடு வேண்டும். அதனை நாம் அளிக்க இயலும் என்ற எண்ணமே தத்தெடுப்புக்குச் சரியான அடிப்படை.

பிள்ளைப்பேறு இல்லாத துயரம் ஒரு பெண்ணின் மனத்தில் எத்தனை ஆண்டுகளாகக் கிடந்திருக்கும் என்பதைக் கணவன் உணர வேண்டும். கணவனுக்கும் அத்துயரம் உண்டு. அவன் வெளியே சொல்வதில்லை. அதனைப் பேசி ஆற்றிக் கொண்ட பின்னரே தத்தெடுப்பைப் பற்றி முடிவு செய்தல் நன்று. ஒருவர் விரும்பி மற்றவர் தலையசைக்கும் வீட்டுக்குக் குழந்தை வருதல் கூடாது. வீட்டில் ஏற்கெனவே பிள்ளைகள் இருப்பின் அவர்களிடமும், உடன் வாழும் பெரியோரிடமும் முன்னதாகவே பேசுதல் வேண்டும். நிறத்தைப் பற்றியோ, சாதியைப் பற்றியோ, குழந்தையைப் பெற்றவளைப் பற்றியோ இழிவாக ஒரு சொல்லும் எழாது என்ற உறுதி அவ்வீட்டில் இருக்க வேண்டும்.

பச்சைக் குழந்தையின் பராமரிப்பு

இனி முதற்கடனுக்கு வருவோம். குழந்தை வருமுன்னரே அருகில் உள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து செல்ல வேண்டும். குழந்தையைத் தூக்கவும், குளிப்பாட்டவும், தொப்புளைச் சுத்தமாக வைத்துக் கொள்ளவும், பால் கலக்கவும் தாதியர் கற்றுத் தருவர். 'எனக்கு இது தெரியாது' என்று சொல்வதற்கு எவரும் கூச வேண்டியதில்லை.

பாலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் தோட்டங்களில் பழைய நாளில், தாய்ப்பால் இல்லாத குழந்தைக்கு டின் பாலைக் கரைத்து ஊட்டும் வழக்கம் இருந்தது. இனிப்பூட்டிய டின் பால் தேநீருக்கு உரியது, குழந்தைக்கு உரியதன்று. அதில் சர்க்கரை மிகுதி. குழந்தையின் வளர்ச்சிக்கு வேண்டிய சத்து குறைவு. பிறந்த குழந்தைக்கென்று தயாரிக்கப்பட்ட பால் மாவையே பயன்படுத்த வேண்டும். கொதிக்க வைத்த நீர், 70 பாகை செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் இருக்கும்போதே மாவைக் கலந்து, பின்னர் ஆற வைத்து ஊட்ட வேண்டும். டின்னில் குறிப்பிட்ட அளவுக்குக் கூடவும் குறையவும் கூடாது. மாவை மிச்சப்படுத்த எண்ணி நீரைக் கூட்டினால் குழந்தை மெலிந்து போகும். குழந்தை குடித்து மிஞ்சியதைக் கொட்டி விட வேண்டும். கலந்து வைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்திருக்கலாகாது. சேனை வைப்பதாகச் சொல்லித் தேனைத் தொட்டு நாக்கில் தடவும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடிய நோயை உண்டாக்கக் கூடும்.

மருத்துவமனையிலிருந்து குழந்தையைப் பெறும்போது அதன் சுகாதாரப் பதிவேட்டையும் கேட்டு வாங்குக. பிறந்தவுடன் காசநோய்த் தடுப்பூசியும் ஹெப்பாட்டிட்டிஸ் பி தடுப்பூசியும் போடப்பட்டனவா என்பது அதில் இருக்கும். 2, 3, 5 ஆகிய மாதங்களிலும், பின்னர் 9, 12 ஆகிய மாதங்களிலும் போட வேண்டிய ஊசிகளை அதனைக் கொண்டே தாதியர் கணக்கிடுவர். 'ஜி6பிடி' என்னும் குறைபாடு குழந்தைக்கு உண்டா என்று நம் நாட்டில் பிறந்தவுடனே இரத்தத்தைச் சோதிக்கின்றனர். அக்குறைபாடு உள்ள குழந்தைக்குச் சில மருந்துகளும், துணிப் பெட்டியில் போடும் பாச்சை உருண்டையின் நெடியும் ஆகா. பெட்டியில் பல ஆண்டு கிடந்த சேலையை எடுத்துத் தொட்டில் கட்டும் வழக்கம் உள்ள நாம் இதனை மறக்கலாகாது.

குழந்தைக்கு முதல் சில மாதங்களில் வேண்டுவது ஒரே முகம், ஒரே குரல், ஒரே மணம். பத்து மாதம் ஒரு தாயின் குரலைக் கேட்டு வளர்ந்த குழந்தை இப்போது வேறொரு குரலுக்குப் பழக வேண்டியிருக்கிறது. ஆகையால் தொடக்கத்தில் அதிகமாக அழக் கூடும். 'பெற்றவள் இல்லையே, அதனால்தான் என்னிடம் ஒட்டவில்லை' என்று வளர்ப்புத் தாய் மனம் உடைய வேண்டாம். நெஞ்சோடு அணைத்து வைத்திருத்தல், பால் கொடுக்கும்போது முகம் பார்த்துப் பேசுதல் ஆகிய சிறு செயல்களே பாசத்தை வேரூன்றச் செய்கின்றன. அழுகை எல்லை மீறினாலும் குழந்தையைக் குலுக்குதல் கூடவே கூடாது. அது மூளையைக் காயப்படுத்தும்.

விடியுமுன் பால்வெட்டுக்குச் செல்லும் குடும்பத்தில் குழந்தை யாரிடம் இருக்கும் என்பதை முன்னதாகவே முடிவு செய்க. வாரத்துக்கொரு கையில் மாறி மாறி வளரும் குழந்தைக்கு எந்தக் கையும் சொந்தமாவதில்லை. முதல் சில மாதங்களுக்கேனும் கணவன், மனைவி இருவருள் ஒருவர் உடனிருக்க வழியுண்டா என்று பார்க்க வேண்டும். வருமானம் குறையும் அக்காலத்துக்கு வேண்டிய பணத்தைச் சேர்த்து வைத்தலும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே.

பத்திரம் என்னும் இரண்டாவது கடன்

எம்.ஜி.ஆர். நடித்து 1966இல் வெளிவந்த 'பெற்றால்தான் பிள்ளையா' படத்தை மூத்தோர் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அப்பெயரே ஒரு கேள்வி. 'இல்லை, வளர்த்தாலும் பிள்ளைதான்' என்று நம் மனம் விடை சொல்கிறது. ஆனால் சட்டம் மேலும் ஒரு கேள்வி கேட்கிறது: 'பதிவு செய்தீர்களா?'

முதலில் பிறப்புப் பத்திரம். தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்த 60 நாட்களுக்குள் தேசியப் பதிவிலாகாவில் பிறப்பைப் பதிய வேண்டும். அதனை, பெற்ற தாயின் பெயரிலேயே, அவருடைய அடையாள ஆவணங்களோடு பதிய வேண்டும். 'நாம்தானே வளர்க்கப் போகிறோம்' என்று வளர்ப்புத் தாயே பெற்றது போல எழுதி வைத்தல் குற்றமாகும். பின்னொரு நாள் அது வெளிப்பட்டால் இழப்பு பிள்ளைக்கே. பெற்ற தாய் ஆவணத்தைக் கொடுக்காமல் வேறிடம் சென்று விட்டால், அவரைத் தேடிப் பிடித்தல் எளிதன்று. ஆதலால் குழந்தையை வாங்கும் நாளிலேயே பதிவுக்கு வழி செய்க.

அடுத்து, குழந்தையைத் தம் பொறுப்பில் ஏற்றவர் ஒரு வாரத்துக்குள் சமூக நல இலாகாவின் பாதுகாப்பு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் கூறுகிறது. குழந்தைக்கு விலை பேசும் தரகரை அணுகவே வேண்டாம். பணம் கொடுத்துக் குழந்தையைக் கைமாற்றுதல் அதே சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கொடுத்தவர், வாங்கியவர், இடையில் நின்றவர் அனைவரும் அதில் அடங்குவர். நேரிய வழி சமூக நல இலாகாவில் பெயரைப் பதிந்து காத்திருத்தலே. அதிகாரி வீட்டுக்கு வருவார். வருமானம், உடல்நலம், குடும்பச் சூழல் ஆகியவற்றைக் கேட்பார். அதனை விசாரணையாக எண்ணிக் கலங்க வேண்டாம். மகளைக் கொடுக்குமுன் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து வருவது நம் வழக்கமன்றோ? இதுவும் அத்தகையதே.

தீபகற்ப மலேசியாவில் தத்தெடுப்புக்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, 1952ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம். இது முஸ்லிம் அல்லாதார்க்கு உரியது. விண்ணப்பிப்பவர் 25 வயது நிறைந்தவராகவும், குழந்தையைவிட 21 வயதேனும் மூத்தவராகவும் இருக்க வேண்டும். உறவினர்க்கு இவ்விதி சற்றுத் தளர்த்தப்படுகிறது. குழந்தை தொடர்ந்து மூன்று மாதமேனும் அவருடைய பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். பெற்றோரின் சம்மதம் வேண்டும். செஷன்ஸ் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ விசாரித்து ஆணை வழங்கும். குழந்தையின் நலனை எடுத்துரைக்க நீதிமன்றம் ஒரு காப்பாளரை நியமிக்கும். பெரும்பாலும் சமூக நல அதிகாரியே அப்பொறுப்பை ஏற்பார். ஆணை கிடைத்தபின் குழந்தை, சட்டத்தின் கண்ணில் அவ்வீட்டில் பிறந்த பிள்ளையே, வாரிசுரிமையும் உண்டு.

இரண்டாவது வழி, அதே 1952இல் இயற்றப்பட்ட தத்தெடுப்புப் பதிவுச் சட்டம். இது எல்லாச் சமயத்தார்க்கும் பொது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை இரண்டாண்டுக் காலம் தொடர்ந்து வளர்த்தவர் தேசியப் பதிவிலாகாவில் நேரே விண்ணப்பிக்கலாம். இவ்வழி எளிது, ஆனால் வாரிசுரிமை இதனால் தானாக வருவதில்லை. ஆகவே இவ்வழியில் சென்றோர் உயில் எழுதி வைத்தலும், ஊழியர் சேமநிதியில் பிள்ளையின் பெயரைக் குறித்து வைத்தலும் இன்றியமையாதன. வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதோர் அரசாங்கச் சட்ட உதவி இலாகாவில் ஆலோசனை கேட்கலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். தத்தெடுப்பு வேறு, குடியுரிமை வேறு. வளர்ப்புப் பெற்றோர் குடிமக்கள் என்பதனால் மட்டும் பிள்ளை குடியுரிமை பெறுவதில்லை. திருமணப் பதிவு இல்லாத தாய்க்குப் பிறந்த குழந்தையின் குடியுரிமை, பெற்ற தாயின் குடியுரிமையைப் பொறுத்தது. அத்தாய் வெளிநாட்டவராயினும், ஆவணம் இல்லாதவராயினும் சிக்கல் பிறக்கிறது. மலேசியாவில் கைவிடப்பட்டு, பெற்றோர் யாரெனத் தெரியாமல் தத்தெடுக்கப்பட்ட ஒரு பிள்ளையின் வழக்கில், அப்பிள்ளை மலேசியக் குடியுரிமைக்கு உரியதே என்று 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு, ஆயினும் அதற்காக ஒரு குடும்பம் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை ஏற வேண்டியிருந்தது. மற்றையோர்க்கு அரசமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவின்படி அரசாங்கத்திடம் சிறப்பு விண்ணப்பம் செய்யும் வழி உண்டு. 2024இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், அதற்கான வயது வரம்பை 21இலிருந்து 18ஆகக் குறைக்கிறது. எனவே, பிள்ளை வளரட்டும் என்று காத்திருத்தல் தகாது.

பத்திரம் இல்லாவிட்டால் நேர்வது யாது? 12 வயதில் அடையாள அட்டை இல்லை. அது இல்லையேல், பின்னர் வாகன உரிமம், வங்கிக் கணக்கு, முறையான வேலை, திருமணப் பதிவு ஆகிய ஒவ்வொன்றும் தடைப்படும். ஆவணம் இல்லாத இந்தியர்களைக் கண்டறிய 2011இல் 'மைடஃப்தார்' இயக்கம் நாடெங்கும் நடத்தப்பட்டதை நினைவிற் கொள்க. அத்தகைய இயக்கம் வேண்டியிருந்தது என்பதே, இது ஓரிரு வீட்டுத் துயரமன்று என்பதைக் காட்டும்.

உண்மை என்னும் மூன்றாவது கடன்

இனி மூன்றாவது கடன். 'நீ எங்கள் வயிற்றில் பிறந்த பிள்ளை அல்ல' என்பதைப் பிள்ளையிடம் சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டும். எப்போது? பள்ளிக்குச் செல்லுமுன்னரே தொடங்க வேண்டும். யார் சொல்ல வேண்டும்? வளர்க்கும் தாயும் தந்தையுமே சொல்ல வேண்டும்.

சொல்லாமலே மறைத்து விடலாம் என்று எண்ணுவோர் லயத்து வாழ்க்கையை மறந்தவர்கள். தோட்டத்தில் ஒருத்தி வயிறு தெரியாமல் பிள்ளை பெற்றாள் என்று நம்புவார் உண்டோ? பெரட்டுக் களத்திலும் தண்ணீர்க் குழாயடியிலும் அனைவரும் அறிந்த செய்தியை, அப்பிள்ளை ஒன்று மட்டும் அறியாமல் வளர்கிறது. பிறகு ஒருநாள் விளையாட்டுச் சண்டையில், மற்றொரு பிள்ளையின் வாயிலிருந்து அது வசையாக வந்து விழுகிறது.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரனை எண்ணிப் பாருங்கள். பெற்ற தாய் விட்டுச் சென்ற அக்குழந்தையை எடுத்து வளர்த்து, கல்வி புகட்டியவர் பூதி என்னும் அந்தணர். வேள்விப் பசுவை விடுவித்ததற்காக எழுந்த பூசலில், அவனுடைய பிறப்பைப் பகைவர் பலர் முன்னிலையில் எடுத்துச் சொல்லி இழிக்கின்றனர். அதன் பின்னர் வளர்த்த தந்தையே அவனை வீட்டை விட்டு விலக்கினார். பிறப்பைப் பற்றிய உண்மை, உரியவர் வாயால் அன்பாக வராதபோது பிறர் கையில் ஆயுதமாகி விடுகிறது என்பதை இக்கதை உணர்த்துகிறது.

முன்னர்ச் சொன்ன, சீனக் குழந்தைகளை வளர்த்த தமிழ்க் குடும்பங்களின் பாடம் இதுதான். அவர்களால் எதனையும் மறைக்க முடியவில்லை. பிள்ளையின் முகமே உண்மையைச் சொல்லிக் கொண்டிருந்தது. மறைக்க வழியில்லாத அவ்வீடுகளில் பாசம் குறைந்து போகவில்லை. 'என் மகள்' என்று பெருமையோடு சொல்லிக் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் அழைத்துச் சென்றனர். உண்மை தெரிந்தால் பிள்ளை நம்மை விட்டுப் போய்விடும் என்ற அச்சத்துக்கு அவர்களுடைய வாழ்வே மறுமொழியாகும்.

எவ்வாறு சொல்வது? மூன்று, நான்கு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக் கொண்டு கதையாகச் சொல்லலாம். 'அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிள்ளை இல்லை. ஒரு தாய் உன்னைப் பெற்றாள். அவளால் வளர்க்க முடியவில்லை. நாங்கள் போய் உன்னை வாங்கிக் கையில் ஏந்தி வந்தோம். அன்று வீடே விளக்கேற்றியது போல இருந்தது.' இவ்வளவே போதும். பிள்ளை வளர வளரக் கேள்விகளும் வளரும். கேட்ட அளவுக்கு விடை சொல்க. ஆத்திரத்தில், 'எங்கிருந்தோ வந்த உனக்கு இவ்வளவு திமிரா?' என்ற சொல் வாயில் வந்து விடாமல் காத்துக் கொள்க. நூறு நாள் ஊட்டிய சோற்றை அந்த ஒரு சொல் நஞ்சாக்கி விடும்.

பெற்றவளையும் பழிக்கலாகாது. 1970களில் சுங்கை வே தடையற்ற வாணிப வட்டாரத்தில் மின்னியல் தொழிற்சாலைகள் எழுந்தபோது, கிராமங்களையும் தோட்டங்களையும் விட்டு எத்தனையோ இளம்பெண்கள் வேலைக்கு வந்தனர். தாய் தந்தையரைப் பிரிந்து நகரத்தில் தனியே வாழும் ஒரு பெண்ணுக்குத் துன்பம் நேர்ந்தால் சாய்ந்து கொள்ளத் தோள் இல்லை. இன்றும் அந்நிலை மாறிவிடவில்லை. குழந்தையைக் குப்பையில் எறியாமல் உயிரோடு ஒப்படைக்க வழி வேண்டும் என்றே, 2010இல் பெட்டாலிங் ஜெயாவில் ஆர்ஃபன்கேர் அறநிறுவனம் நாட்டின் முதல் குழந்தைக் காப்புத் தொட்டிலை அமைத்தது. தமிழகத்தில், பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டதும் இதே நோக்கத்தினாலேயே. கொல்லாமலும் கைவிடாமலும் ஒரு குழந்தையை நம் கைக்கு வந்து சேர விட்டவள், தன்னால் இயன்ற நன்மையைச் செய்தவளே என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். தன்னைப் பெற்றவள் கெட்டவள் என்று கேட்டு வளரும் பிள்ளை, தன் இரத்தமே கெட்டது என்று நினைத்துக் கொள்ளும்.

அன்பர்களே, குழந்தைக்குப் பால் புட்டி வாங்குமுன் ஒரு கோப்பை வாங்குங்கள். அதில் பிறப்புப் பத்திரம், சுகாதாரப் பதிவேடு, பெற்ற தாயின் சம்மதக் கடிதம், சமூக நல இலாகாவின் கடிதங்கள் ஆகியவற்றை ஒழுங்காகச் சேர்த்து வையுங்கள். குழந்தையை வீட்டுக்கு அழைத்து வந்த நாளன்று எடுத்த படத்தையும் அதனுடன் வையுங்கள். பிள்ளைக்கு 12 வயது நிறையும்போது, அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கத் தேசியப் பதிவிலாகாவுக்கு அக்கோப்போடு செல்வீர்கள். அன்று முகப்பில் இருக்கும் அதிகாரி எதைக் கேட்டாலும் உங்களிடம் தாள் இருக்கும். பிள்ளை எதைக் கேட்டாலும் அதற்கு முன்னமே தெரிந்த விடை இருக்கும்.

தத்தெடுக்க எண்ணியிருப்போர் இந்த வாரமே மாவட்டச் சமூக நல இலாகாவுக்குச் சென்று விவரம் கேளுங்கள். ஏற்கெனவே பதிவின்றிப் பிள்ளை வளர்த்து வருவோரும் அஞ்சி ஒதுங்கி நிற்காமல் இன்றே செல்லுங்கள். உங்கள் லயத்தில் அத்தகைய குடும்பம் இருப்பின், புறம் பேசாமல் அவர்களுக்குத் துணையாகச் சென்று வாருங்கள்.